உடனிருந்தோர்: அடையாறு புற்றுநோய் நிலையம் எழுந்த வரலாறு

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தை முடிக்கும் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றும் எவர்க்கும் எளிதில் தோன்றுபவை. நான்காவதாக அவர் வைத்தது நோயாளியின் அருகிருந்து பணிபுரிபவரை. மருத்துவ வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் முதல் மூன்றோடு நின்றுவிடுகின்றனர். அடையாறு புற்றுநோய் நிலையத்தின் வரலாற்றையோ இந்த நான்காம் கூறிலிருந்து தொடங்காமல் எழுதுதல் இயலாது. உடன்பிறந்தாளைக் காக்க முடியாமல் நின்ற ஒரு தமக்கையின் துயரமே அதன் முதல் கல்.

அத்தமக்கை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1886 ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் இடம்பெற்று, 1912 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறியவர். தேவதாசி ஒழிப்பிற்காகச் சட்டமன்றத்தில் அவர் வாதாடியதும், 1930 இல் ஒளவை இல்லம் கண்டதும் தமிழர் பலரும் அறிந்தவை. 1923 இல் அவருடைய இளைய சகோதரி புற்றுநோயால் இளமையிலேயே மறைந்தார் என்பது அந்த அளவிற்குப் பேசப்படுவதில்லை. அக்காள் மருத்துவர், அக்காளின் கணவரும் மருத்துவர். ஆயினும் அந்நாளில் சென்னையில் அந்நோய்க்கெனத் தனியிடம் ஏதும் இல்லை. 1925 இல் உயர்கல்விக்காக இலண்டன் சென்றபோது, அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையிலும் அம்மையார் பயிற்சி பெற்றார். 1935 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையில், இந்நகரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்ற கருத்தை வெளிப்படையாக வைத்தார். விழா முடிந்தது. மருத்துவமனை எழவில்லை.

எழாமைக்குப் பணமுடை ஒரு காரணம். அச்சம் அதனினும் பெரிய காரணம் எனலாம். நோயின் பெயரே அச்சத்தைச் சொல்கிறது. நண்டு என்று பொருள்படும் சொல்லால் மேனாட்டார் இதனைக் குறித்தனர். தமிழோ புற்று என்றது. மண்ணுக்குள் ஓசையின்றி வளர்வது, உள்ளே என்ன இருக்கிறது என்று கை நுழைத்துப் பார்க்க எவரும் துணியாதது. புற்றுக்குப் பால் வார்த்து வணங்கி விலகி நடக்கும் வழக்கமுள்ள மக்கள், அப்பெயருடைய நோயையும் அவ்வாறே விலகி நடந்தனர். பெயரையே உரக்கச் சொல்லாத வீடுகள் அண்மைக்காலம் வரை இருந்தன. அரசு வட்டாரமும் வேறாக நினைக்கவில்லை. எப்படியும் இறக்கப்போகிறவர்களுக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று அந்நாளில் கேட்கப்பட்டதை டாக்டர் சாந்தா பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு.

அக்கேள்விக்கு விடை கூறியவர்கள் பெண்கள். 1917 இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கம் ‘ஸ்திரீ தர்மம்’ என்னும் இதழை நடத்தி வந்தது. அதன் ஆசிரியப் பொறுப்பிலும் முத்துலட்சுமி அம்மையார் இருந்தார். பெண்கல்வி, வாக்குரிமை, குழந்தை மணத் தடை என்று போராடிப் பழகிய அச்சங்கம் 1949 இல் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கிற்று. தங்கை மறைந்து அப்போது 26 ஆண்டுகள் கடந்திருந்தன. அம்மையாருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

இதே காலத்தில் கடல் கடந்து பாஸ்டன் நகரில் நிகழ்ந்த ஒன்றை இங்கு ஒப்புநோக்குதல் தகும். 1948 மே மாதம் ஒரு வானொலி நிகழ்ச்சி, மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை நாடறியச் செய்தது. மெய்ப்பெயரை மறைத்து அவனை ‘ஜிம்மி’ என்று அழைத்தனர். அவனுக்குப் பிடித்த பேஸ்பால் அணியின் வீரர்கள் கட்டிலைச் சூழ்ந்து நின்று அவனோடு பாடினர். ஆட்டத்தைக் கண்டு மகிழ அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கித் தாருங்கள் என்ற வேண்டுகோளுக்கு மக்கள் அனுப்பிய தொகை இரண்டு இலட்சம் டாலரைக் கடந்தது. சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவரின் குழந்தைப் புற்றுநோய் ஆய்வு அந்நிதியால் வளர்ந்தது. பணம் அனுப்பியவர்களில் பலர், சிறுவன் சில மாதங்களில் இறந்திருப்பான் என்றே எண்ணியிருந்தனர். அவனோ வளர்ந்து, லாரி ஓட்டி, குடும்பம் நடத்தி, 1998 இல் தானே ஜிம்மி என்று உலகின்முன் வந்து நின்றான். 2001 வரை வாழ்ந்தான்.

அந்தப் பாஸ்டன் வரலாற்றில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்கு ஃபார்பர் கொடுத்துப் பார்த்த அமினாப்டெரின் மருந்து, லெடர்லி ஆய்வுக்கூடத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் உருவானது. பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதராடை அணிந்ததால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாகி முழுப்பட்டம் கிட்டாமற் போனவர். அவரும் உடன்பிறந்தாரை நோய்க்குப் பறிகொடுத்தவரே. ஃபார்பரின் முதற்கட்டுரை வெளிவந்த 1948 ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார். ஒரே கல்லூரி வாயிலைக் கடந்த இருவர், ஒரே வகைத் துயரை ஏந்தி இரு திசையில் நடந்தனர். ஒருவர் மருந்தைத் தேடினார். மற்றவர் அம்மருந்தைக் கொடுக்க ஓர் இடத்தைத் தேடினார்.

அடையாற்றில் ஜிம்மி இல்லை. நாடு முழுதும் கேட்கும் வானொலி மேடையும் இல்லை. பெயரோ முகமோ காட்டப்படாத நோயாளிகளுக்காக, இனி வரப்போகிறவர்களுக்காக, நன்கொடை கேட்க வேண்டியிருந்தது. இரக்கம் முகத்தைக் கண்டு எழுவது. முகமில்லாமல் கேட்பது கடினம். அக்கடினத்தை அப்பெண்கள் மேற்கொண்டனர். 1952 அக்டோபர் 10 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று காந்தி நகரில், பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய நிலத்தில், 12 படுக்கைகளோடு நிலையம் திறக்கப்பட்டது.

மருத்துவர்கள் இருவர். ஒருவர் அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. மற்றவர் மயிலாப்பூரில் பிறந்த டாக்டர் சாந்தா. எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் அரசுப்பணி அவருக்குக் காத்திருந்தது. அதனை விடுத்து 1955 ஏப்ரலில் அடையாற்றுக்கு வந்தார். முதல் மூன்றாண்டுகள் ஊதியமில்லை. பின்னர் மாதம் 200 ரூபாயும் வளாகத்தில் தங்க ஓரிடமும். அவ்வளாகத்திலேயே 2021 ஜனவரியில் இறுதி நாள்வரை அவர் வாழ்ந்தார். பத்ம விபூஷணும் மகசேசே விருதும் இடையில் வந்தன, இருப்பிடம் மாறவில்லை.

கனடாவிலிருந்து 1950களின் பிற்பகுதியில் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு அடுத்து அமைந்தது. நாட்டிலேயே அவ்வகையில் முன்னோடி அது. ஆயினும் அப்பிரிவின் தொடக்க ஆண்டுகள் மகிழ்ச்சிக்குரியனவல்ல. 1970களின் தொடக்கத்தில் இந்தியாவில் இரத்தப் புற்றுற்ற குழந்தைகளில் ஐந்தில் ஒருவரைக்கூடக் காப்பது அரிதாயிருந்தது.

மருந்து இருந்தும் குழந்தை ஏன் இறந்தது? இங்குதான் நான்காம் கூறு மீண்டும் வருகிறது. இந்நோயின் தன்மை வஞ்சகமானது. முதல் நான்கைந்து வாரச் சிகிச்சையில் காய்ச்சல் தணியும், முகம் தெளியும், குழந்தை எழுந்து ஓடும். குணமாயிற்று என்று பெற்றோர் ஊர் திரும்பிவிடுவர். திரும்பாமல் என்ன செய்வர்? தந்தைக்கு அன்றாடக் கூலி. வீட்டில் வேறு குழந்தைகள். சென்னையில் தங்க இடமில்லை. கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சிய நோய் சில மாதங்களில் மீண்டும் எழும். இரண்டாம் முறை அதனை வெல்லுதல் மிக அரிது. அப்பெற்றோரை அறியாமையுடையோர் என்று சொல்லிக் கடந்து போவது எளிது. நியாயமன்று.

1984 இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த இயன் மக்ரத்துடன் இணைந்து, அடையாறு, பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் ஒரே சிகிச்சைமுறையைக் கைக்கொண்டன. எம்.சி.பி. 841 என்பது அதன் பெயர். இந்தியச் சூழலுக்கும் பொருள்வசதிக்கும் ஏற்ப வகுக்கப்பட்ட முறை. முடிய ஏறத்தாழ இரண்டாண்டு ஆகும். 25 வயதுக்குட்பட்ட ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் அதன்படி மருத்துவம் பெற்றனர். நான்காண்டுக்குப் பின்னும் நோய் மீளாமல் வாழ்ந்தோர் நிலையத்துக்கு நிலையம் 45 முதல் 60 விழுக்காடு வரை இருந்தனர். ஐந்தில் ஒருவர் என்ற நிலையிலிருந்து இவ்வுயர்வு பெரிது. எஞ்சியோர் எண்ணிக்கையும் சிறிதன்று.

இரண்டாண்டுக் காலத்தை மருத்துவர் மட்டும் கடத்திவிட முடியாது. குருதி கொடுக்க இளைஞர் வேண்டும். தாய்க்குச் சோறும் படுக்க இடமும் வேண்டும். முடி உதிர்ந்த தலையோடு பள்ளிக்குத் திரும்பும் சிறுமியை விலக்காத வகுப்பறை வேண்டும். இந்நோய் தொற்றாது என்று அண்டை வீட்டாருக்கு எவரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும். இருந்தோரிடம் பெற்று இல்லாதோர்க்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் மருத்துவம் செய்யும் முறையைத் தொடக்கமுதலே நிலையம் விடாது காத்தது. 12 படுக்கைகள் 500-க்கு மேலாகப் பெருகிய பின்னும் அதன் நிதியில் நன்கொடைக்குப் பங்கு உண்டு.

கவிஞர் அவையில் கூறத்தக்க குறை ஒன்றும் உளது. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ 1962 இலேயே புற்றுநோயாளியின் கட்டிலருகே ஒரு கதையை நடத்திக் காட்டியது. ஆனால் பின்வந்த திரைப்படங்களுக்கு இந்நோய் காதலைப் பிரிக்கும் எளிய கருவியாயிற்று. ‘வாழ்வே மாயம்’ வெளிவந்த ஆண்டு 1982; எம்.சி.பி. 841 தொடங்கியதோ இரண்டே ஆண்டு கழித்து. அடையாற்றில் குழந்தைகள் பிழைக்கத் தொடங்கிய பத்தாண்டிலேயே, தமிழ்த் திரையில் நாயகர்கள் இரத்தம் கக்கி இறந்துகொண்டிருந்தனர். பிழைத்தெழுந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய பெண்ணைப் பற்றிய பாட்டு எத்தனை? மரணத்திற்குச் சொல் பெருக்கிய அளவு மீட்சிக்குத் தமிழ் இன்னும் சொல் பெருக்கவில்லை.

முத்துலட்சுமி அம்மையார் 1968 ஜூலையில் மறைந்தார். இரத்தப் புற்றில் குழந்தை பிழைக்கும் காலத்தை அவர் காணவில்லை. டாக்டர் கிருஷ்ணமூர்த்தி 2010 இல் மறைந்தார். வெளியூர்களிலிருந்து எழும்பூரிலும் சென்ட்ரலிலும் வந்திறங்கி அடையாறு நோக்கிப் பேருந்தேறும் குடும்பங்களின் வரிசை இன்றும் குறையவில்லை. அவர்கள் கையிலுள்ள ரயில் சலுகைச் சான்றிதழில் மருத்துவமனை இடும் முத்திரை நோயாளி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. உடன் செல்பவர் ஒருவருக்கும் கட்டணக் குறைப்பு உண்டு.