குரங்கின் சுரப்புநீரை அளந்த வரலாறு

உடலின் சுரப்பிகளிலிருந்து நேரே குருதியிற் கலந்து, வளர்ச்சியையும் கருவுறுதலையும் அச்சத்தையும் ஆளுகின்ற நீர்களுக்கு ‘ஹார்மோன்’ என்னும் பெயரை 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்து உடலியலறிஞர் ஸ்டார்லிங் வழங்கினார். பெயர் கிடைத்தது, அளக்கும் வழி கிடைக்கவில்லை.

மாந்தரைப் போலவே மாதவிலக்குறுவது குரங்கு. ஆதலின் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் கார்னர், இந்தியச் செம்முகக் குரங்கின் கருமுட்டை வெளிப்பாட்டை ஆராய்ந்து 1923இல் எழுதினார். பால்ட்டிமோர் நகரில் கார்ல் ஹார்ட்மன் 1925 முதல் குரங்குக் கூட்டமொன்றை வளர்த்து ஆராய்ந்தார். அக்காலத்தில் ஹார்மோனை அளக்கும் கருவியும் ஓர் உயிரே. சூலகம் நீக்கிய எலிக்குச் சாற்றைச் செலுத்தி, அதன் உடலில் தோன்றும் மாற்றத்தைக் கொண்டு வலிமையை மதிப்பிடும் முறையை ஆலனும் டாய்சியும் 1923இல் வகுத்தனர். அளவின் பெயரே ‘எலி அலகு’ என்றாயிற்று. பெர்லினில் ஆஷைமும் சோண்டெக்கும் 1927-28இல் கண்ட கருப்பச் சோதனையிலோ, சிறுநீர் செலுத்தப்பட்ட சுண்டெலிகளை அறுத்தே விடை காண வேண்டியிருந்தது. ஒன்றன் உடலை அறியப் பல உடல்கள் மடிந்தன.

இந்நிலையை மாற்றியவர்கள் நியூயார்க்கின் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ஆவர். ஒரு ஹார்மோனை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைச் சிறிதளவே வைத்து, அதனைப் பற்றுவதற்குக் கதிரியக்கமூட்டிய ஹார்மோனையும் குருதியிலுள்ள ஹார்மோனையும் போட்டியிட விட்டனர். குருதியில் உள்ளது மிகுதியானால் கதிரியக்க ஹார்மோன் இடமின்றி ஒதுங்கும். எவ்வளவு ஒதுங்கிற்று என்று எண்ணினால் அளவு தெரிந்துவிடும். இன்சுலினுக்கு இம்முறையை 1960இல் விரித்து வெளியிட்ட இருவரும் காப்புரிமை கோரவில்லை. பெர்சன் 1972இல் மறைந்தார். 1977இல் நோபெல் பரிசு யாலோவுக்குக் கிட்டியது.

இனிச் சிறிது குருதியே போதும். ஒரே குரங்கிடம் பன்முறை எடுக்கலாம். பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் இதனாற் பெற்ற உண்மை வியப்புக்குரியது. மூளையடிச் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனை மணிக்கொரு முறை செலுத்தினால் அச்சுரப்பி இயங்கிற்று. இடைவிடாது செலுத்தினாலோ அடங்கிப்போயிற்று. இதனை 1978இல் வெளியிட்டனர்.

காட்டுக் குரங்கிடம் இவ்வழி எளிதிற் செல்லாது. பிடித்த சில நிமிடங்களிலேயே அச்சத்தின் ஹார்மோனாகிய கார்ட்டிசால் உயர்ந்துவிடும். அளப்பதே அளவைக் கெடுக்கும். கென்யாவின் பபூன்களை 1978 முதல் ஆராய்ந்த ராபர்ட் சபோல்ஸ்கி, மயக்க ஊசியை ஊதுகுழலால் எய்து, விரைந்து குருதி எடுத்தார். ஒழுங்கு குலையாத கூட்டத்தில் உயர்நிலை ஆண்களுக்கு அந்த ஹார்மோன் குறைவு என்று கண்டார்.

பிறகு அறிஞர் கண்கள் தரையை நோக்கின. கார்ட்டிசால் கல்லீரலிற் சிதைந்து மலத்தோடும் வெளியேறுகிறது. அச்சிதைவுப் பொருள் இனத்துக்கு இனம் வேறுபடுமாதலின், கார்ட்டிசாலைச் சுரக்கத் தூண்டும் மருந்தைச் செலுத்தி, மலத்திலும் அளவு ஏறுகிறதா என்று முதலிற் சரிபார்த்தல் வேண்டும். இப்பணி எல்லார்க்கும் கைவருவதன்று. விஸ்கான்சின் குரங்கின ஆராய்ச்சி நிலையம் போன்றவற்றின் அளவைக் கூடங்கள் பிறர் அனுப்பும் மாதிரிகளையும் அளந்து தரலாயின.

கென்யாவின் அம்போசெலியில், 125 ஆண் பபூன்களின் மலத்தை ஒன்பது ஆண்டுகள் சேர்த்து ஆராய்ந்த முடிவு 2011இல் வெளிவந்தது. கூட்டத்தின் தலைமை ஆணுக்கு அந்த ஹார்மோன் மிகுதி. அதற்கு அடுத்த நிலையிலிருந்த ஆணுக்கோ மிகக் குறைவு. உயர்நிலை ஆண்கள் என்று ஒன்றாய் எண்ணியிருந்தவர்களுள் முதல்வனையும் இரண்டாமவனையும் பிரித்துக் காட்டியவை, தரையிலிருந்து பொறுக்கிய ஆயிரக்கணக்கான மாதிரிகள்.