வாழ்நாளில் ஒரே ஒரு நகராட்சி ஓட்டு

பக்கத்துக் கடலூர், விழுப்புரம் நண்பர்கள் புதுச்சேரிக்கு வந்தால் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து நின்றுவிடுவார்கள். "அது என்னங்க கொம்யூன் பஞ்சாயத்து? கம்யூனிஸ்ட் கட்சி ஆபீஸா?" என்று கேட்டவர்களும் உண்டு. இல்லை ஐயா, அது பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொல். ஊராட்சி மன்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லின் கதையையும், அதற்குள் இருக்கும் காசுக் கணக்கையும் இன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். குடிமைப் பாடத்தில் முதலில் சொல்லித் தருவது கொம்யூனைப் பற்றித்தான். ஜனங்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பார்கள், உறுப்பினர்கள் கூடி மேரைத் தேர்ந்தெடுப்பார்கள், மேர் உட்காரும் கட்டடம் மேரி. பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் அங்கேதான் பதிவாகும்.

இந்த ஏற்பாடு நம் ஊருக்கு வந்தது 1880-ம் ஆண்டு மார்ச் 12-ம் தேதி பிறப்பித்த ஆணையால். முதலில் 10 கொம்யூன்கள். 1907-ல் அது 17 ஆனது: புதுச்சேரியில் 8, காரைக்காலில் 6, மாஹே, ஏனாம், சந்திரநாகூருக்கு ஒவ்வொன்று. பிரெஞ்சுக்காரன் காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்லும் பெரியவர்களை நான் நம்புவதில்லை. ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல், இந்தியருக்குத் தனிப் பட்டியல் என்று ஓட்டர் லிஸ்டிலேயே பாகுபாடு. தேர்தல் என்றால் அடிதடி, கள்ள ஓட்டு எல்லாம் இருந்தன. ஆனாலும் தேர்தல் என்று ஒன்று நடந்தது.

அந்த உறுப்பினர்களின் மதிப்பு எவ்வளவு என்பது பிறகு தெரிந்தது. பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலத்தை முடிவு செய்ய வாக்கெடுப்பு நடத்தலாம், அதை எப்போது, எப்படி நடத்துவது என்பதை நகராட்சி மன்றங்கள் சொல்லட்டும் என்று 1948 ஜூனில் பிரான்ஸ் ஒப்புக்கொண்டது. அதற்காகவே அந்த ஆண்டு அக்டோபரில் மன்றத் தேர்தல் நடந்தது. கடைசியில் 1954 அக்டோபர் 18-ம் தேதி கீழூரில் கூடியவர்கள் யார்? பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் கொம்யூன் உறுப்பினர்களும்தான். மொத்தம் 178 பேர். இந்தியாவோடு இணைய வேண்டும் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கைமாறியது. நாம் எந்த நாட்டைச் சேர்ந்தவர்கள் என்பதைத் தீர்மானித்ததில் பெரும்பங்கு வார்டு உறுப்பினர்களுக்கு உண்டு. இதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. எனக்கு அப்போது 18 வயது. ஓட்டுரிமை வயது 21. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த தடவை வந்தது 2006-ல், 38 ஆண்டுகள் கழித்து! நடுவில் 1973-ல் நமக்கென்று நகராட்சிச் சட்டமும் பஞ்சாயத்துச் சட்டமும் வந்தன. 1993-ல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை நகராட்சித் தேர்தல் நடத்தியே ஆகவேண்டும் என்றது. அதற்குப் பிறகும் நீதிமன்றம் தலையிட்ட பின்தான் 2006 தேர்தல் நடந்தது. 56 வயதில் முதல் நகராட்சி ஓட்டுப் போட்டேன். அந்த மன்றங்களின் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேர்தல் அறிவித்தார்கள், அதுவும் நின்றுபோனது.

"தேர்தல் இல்லாவிட்டால் என்ன, குப்பை அள்ளுகிறார்கள், விளக்கு எரிகிறது" என்று என் வயதுக்காரர்களே கேட்கிறார்கள். குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

உள்ளாட்சிக்கு வருமானம் இரண்டு வழி. ஒன்று சொந்த வருமானம்: வீட்டு வரி, தொழில் வரி, கடை லைசென்ஸ், மார்க்கெட் வாடகை. இன்னொன்று அரசு தரும் மானியம். மற்ற மாநிலங்களில் மத்திய நிதிக் குழு உள்ளாட்சிக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கும். அந்தக் குழுவின் வரம்பு மாநிலங்களோடு நின்றுவிடுகிறது. நாம் சட்டசபை உள்ள யூனியன் பிரதேசம், அதற்குள் வரமாட்டோம். ஆகவே சொந்த வருமானம் போதாதபோது உள்ளூர் அரசின் கையைத்தான் பார்க்கவேண்டும். வந்த பணத்தில் சம்பளம், ஓய்வூதியம் போக மிச்சம் இருப்பதில்தான் வாய்க்காலும் ரோடும்.

மிச்சம் குறைவாக இருக்கும்போதுதான் எந்தத் தெருவுக்கு முதலில் என்ற கேள்வி பெரிதாகிறது. மன்றம் இருந்தால் பட்ஜெட்டை எல்லார் முன்னாலும் படிக்கவேண்டும். "என் வார்டுக்கு ஏன் இல்லை?" என்று ஓர் உறுப்பினர் எழுந்து கேட்பார், அது மினிட்ஸ் புத்தகத்தில் ஏறும். மன்றம் இல்லையென்றால் ஆணையர் கையெழுத்தில் முடிந்துவிடும். நல்ல ஆணையர்கள் உண்டு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் மாற்றலாகிப் போகிறவர். மேலிடத்துக்குப் பதில் சொல்கிறவர். நம் தெருவுக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

அந்த இடத்தை நிரப்புவது எம்.எல்.ஏ.தான். சாக்கடை அடைத்தாலும் அவர் வீட்டுக்குத்தான் போகிறோம். 30 தொகுதியும் கைக்கெட்டும் அளவில் இருப்பதால் அது நமக்கும் வசதி, அவருக்கும் வசதி. தன் வேலையில் பாதியை வார்டு உறுப்பினருக்கு விட்டுக்கொடுக்க எந்தக் கட்சி எம்.எல்.ஏ.வுக்கு மனம் வரும்? அந்த 38 ஆண்டுகளில் ஆட்சிகள் எத்தனையோ மாறின. இதில் மட்டும் எல்லாரும் ஒற்றுமை என்பது என் எண்ணம்.

கடற்கரையில் இருந்த பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே வடிவில் மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே உட்கார வேண்டிய மன்றத்தைத்தான் காணோம்.

எனக்காவது ஒரு ஓட்டுக் கிடைத்தது. 2006-ல் 18 வயது நிரம்பாத பிள்ளைகள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். சொந்த வீடு கட்டி, வீட்டு வரியும் கட்டுகிறார்கள். அந்த வரியை எப்படிச் செலவு செய்வது என்று சொல்ல அவர்கள் இன்றுவரை ஒருவரையும் தேர்ந்தெடுத்ததில்லை. ஓட்டுக் கேட்டு வரும் கட்சிக்காரர்களிடம் மற்றதோடு சேர்த்து இதையும் கேளுங்கள்.