இந்துமதி ஓடிய மைதானம்

2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் பி.வி.சிந்து வெள்ளி வென்றபோது, இந்தியர்கள் கூகுளில் அதிகம் தேடியவற்றில் ஒன்று அவருடைய சாதி. 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றபோது, ஹரித்வார் பக்கம் ரோஷனாபாத்தில் வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்தார்கள். சாதியைச் சொல்லி ஏசினார்கள் என்று வழக்குப் பதிவானது. ஜெயித்தால் சாதியைத் தேடுகிறார்கள், தோற்றால் சாதியைச் சொல்லித் திட்டுகிறார்கள்.

அதனால் தோழர்களே, இந்தக் கட்டுரையில் நாம் பேசப்போகும் இந்துமதி கதிரேசன் என்ன சாதி என்று தேட வேண்டாம். ஒரு பெண் பிள்ளை பந்தைத் தொட்டதிலிருந்து நாட்டின் சிறந்த வீராங்கனை ஆகும்வரை அவள் காலுக்குக் கீழே என்னென்ன இருக்க வேண்டும்? அதைப் பார்ப்போம். சாதி ஒளிந்திருக்கும் இடம் அங்கே தெரியும்.

இந்துமதி 1994இல் பிறந்தவர், கடலூர் மாவட்டத்துக்காரர். கும்பகோணத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் வரும் சீமைதான். நடுக்கள ஆட்டக்காரர். கோல் போடுகிறவர்களின் பெயர் செய்தித்தாளில் வரும். நடுக்களத்தில் ஆடுகிறவர் தொண்ணூறு நிமிடமும் மேலும் கீழும் ஓடிப் பந்தைப் பறித்துக் கொடுப்பவர். இந்துமதி இரண்டையும் செய்தார். 2017 ஜனவரியில் சிலிகுரியில் நடந்த தெற்காசியக் கோப்பை இறுதிப்போட்டியில் வங்கதேசத்தை இந்தியா 3-1 என்று வென்றது. அதில் ஒரு கோல் இவருடையது. 2019இல் நேபாளத்தின் விராட்நகரில் அதே வங்கதேசத்துக்கு எதிரான அரையிறுதியில் இரண்டு கோல். அந்தக் கோப்பையும் இந்தியாவுக்கே வந்தது.

2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி கட்டாக்கில் மணிப்பூரை வென்று, முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் எப்படிப்பட்ட கோட்டை என்று தெரிந்தவர்களுக்கே அந்த வெற்றியின் கனம் புரியும். அடுத்த ஆண்டு மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. அதே 2019 தீபாவளிக்குத்தான் ‘பிகில்’ படம் வந்தது. திரையில் தமிழ்நாட்டுப் பெண்கள் கோப்பையைத் தூக்கியபோது கைதட்டிய நம்மில் எத்தனை பேருக்கு, ஐந்து மாதம் முன்பே நிஜத்தில் அது நடந்துவிட்டது என்று தெரியும்?

2020இல் கொரோனா ஊரடங்கின்போது இந்துமதி சென்னைச் சாலைகளில் பணியில் நின்றார். அவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். காவல்துறையோடு நமக்கு இருக்கிற கணக்கு வேறு, அதை நாம் மறக்கப்போவதில்லை. ஆனால் மாதச் சம்பளம் வருகிற ஒரு அரசு வேலை, ஒரு பெண்ணை இருபத்தைந்து வயதுக்கு மேலும் மைதானத்தில் வைத்திருக்கிறது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். 2023-24ஆம் ஆண்டின் சிறந்த வீராங்கனையாக அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு வயது முப்பது. நம் தெருக்களில் முப்பது வயதுப் பெண் எங்கே இருக்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதெல்லாம் தனி மனுஷியின் திறமையால் மட்டும் வந்ததா? கடலூரைக் கவனியுங்கள். அங்கே இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாதமி என்று ஒன்று இருக்கிறது. 2004 சுனாமியில் பெற்றோரை இழந்த பெண் பிள்ளைகளும் அங்கே பந்தாடப் பழகினார்கள். 2017-18 இந்தியப் பெண்கள் லீக்கில் இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு அணிகளில் இந்த அகாதமியும் ஒன்று. இந்துமதி அதற்காக ஆடினார். அதே மாவட்டத்திலிருந்து இந்திய அணிக்குப் போன சந்தியா ரங்கநாதன் அரசு விடுதியில் வளர்ந்தவர். தங்க ஒரு விடுதி, நாள் தவறாமல் வரும் ஒரு பயிற்சியாளர், கேட்டைப் பூட்டாத ஒரு மைதானம். இந்த மூன்றும் ஒரே ஊரில் சேர்ந்தபோது இந்தியாவுக்கு ஆடும் பெண்கள் வந்தார்கள்.

இது இல்லாததால் எத்தனை தலைமுறை போனது என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1920 டிசம்பரில் லிவர்பூலில் பெண்கள் கால்பந்தைப் பார்க்க ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். மறு ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. அது சுமார் ஐம்பது ஆண்டு நீடித்தது. பிரேசில் 1941இல் சட்டம் போட்டே தடுத்தது. கவனியுங்கள், இங்கிலாந்தில் பெண்கள் பந்தைத் தொடக் கூடாது என்று சொல்லவில்லை, மைதானத்தைத்தான் மூடினார்கள். அதுவே போதுமாக இருந்தது.

இந்தியாவில் அப்படி ஒரு தடைச் சட்டம் இல்லை. 1975இல் பெண்களுக்கென்று தனிக் கால்பந்துக் கூட்டமைப்பு தொடங்கியது. 1980இல் கோழிக்கோட்டிலும் 1983இல் பாங்காக்கிலும் ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம் பிடித்தார்கள். 1983இல் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். அத்தனை இருந்தும், ஆண்களுக்குத் தேசிய லீக் 1996இல் வந்துவிட, பெண்களுக்கு 2017இல்தான் வந்தது. அப்போது இந்துமதிக்கு இருபத்திரண்டு வயது. 2023இல்தான் லீக் வீராங்கனைகளுக்குக் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் என்ற பேச்சே வந்தது: 3.2 லட்சம் ரூபாய், அதுவும் ஒரு அணியில் பத்துப் பேருக்கு.

பெண் என்பதோடு சாதியும் சேர்ந்தால்? பல்வங்கர் பாலுவின் கதை நமக்குத் தெரிய வேண்டும். 1911இல் இங்கிலாந்து போன இந்தியக் கிரிக்கெட் அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளர், தலித். புனேயில் அவர் பந்துவீசலாம், விக்கெட் எடுக்கலாம். தேநீர் மட்டும் வெளியே, தனி மண்குவளையில். நம் ஊர் டீக்கடை இரட்டைக் குவளையை மைதானத்துக்குக் கொண்டுபோனால் அதுதான். கடைசிவரை அவரை அணித் தலைவராக்கவில்லை. அவருக்காவது மைதானத்துக்குள் நுழைய வழி கிடைத்தது. நம் தெருப் பெண் பிள்ளைக்கு?

கும்பகோணத்தைச் சுற்றி வாருங்கள். டெல்டாவில் நிலத்துக்குப் பஞ்சமில்லை, நமக்குத்தான் நிலம் இல்லை. கோயில் நிலம், மடத்து நிலம், மிராசு நிலம். சேரியின் எல்லை வீட்டுச் சுவரோடு முடிந்து, அடுத்த அடியில் வரப்பு தொடங்குகிறது. ஊர்ப் பள்ளி மைதானம் ஊருக்குள் இருக்கிறது, சாயங்காலம் கேட் பூட்டு. அறுத்த வயலில் ஆடலாம் என்றால், சம்பா அறுப்புக்கு முன்னாலேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறார்கள். அதையும் எடுத்த பிறகு, பங்குனி, சித்திரை வெயிலில் வெடித்த கரம்பும், வெறுங்காலைக் குத்தும் தாளும்தான் மிச்சம். அதிலும் பையன்கள் கிரிக்கெட் ஸ்டம்ப் நட்டுவிடுவார்கள். பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் அந்த இடமும் இல்லை. அரைக்கால் சட்டை போட்டு அவள் ஊர்த்தெரு வழியாக நடந்து போவதே பிரச்சினையாகும். அதற்கு ஊரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நம் வீட்டு அண்ணன்களும் மாமன்களும் பதில் சொல்ல வேண்டும்.

அரசு விளையாட்டரங்கம் தஞ்சாவூரில் இருக்கிறது, நாற்பது கிலோமீட்டர். தினக்கூலி வீட்டுப் பிள்ளை பள்ளி விட்டுப் போய்த் திரும்பும் தூரமா அது? விடுதியில் தங்கலாம் என்றால், ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் 2023இல் உயர்த்திய பிறகும் பள்ளி மாணவிக்கு உணவுப்படி மாதம் 1,400 ரூபாய். ஒரு நாளைக்கு 47 ரூபாய்கூட வரவில்லை. ஒரு ஆட்டத்தில் பத்துக் கிலோமீட்டர் ஓட வேண்டிய உடம்பு அந்தச் சாப்பாட்டில் எப்படித் தேறும்?

எனவே இந்துமதியைக் கொண்டாடுவதோடு நிறுத்த வேண்டாம். நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. சேரிக்குப் பக்கத்தில், நம் பிள்ளைகள் யாரிடமும் அனுமதி கேட்காமல் நுழையும் மைதானம். மாணவியர் விடுதி ஒவ்வொன்றுக்கும் பந்து, காலணி, சம்பளம் பெறும் பெண் பயிற்சியாளர். விளையாடும் பிள்ளைக்கு முட்டையும் பாலும் சேர்த்த தனி உணவுப்படி. பணம் இல்லை என்று சொல்ல முடியாது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான நிதியை வேறு பக்கம் திருப்பாமல் செலவழிக்கத் தமிழ்நாட்டில் 2024இல் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டமே வந்திருக்கிறது. அந்தப் பணத்தில் உங்கள் வட்டாரத்துக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம் இருக்கிறது. மைதானமே இல்லாத பிள்ளைக்கு அது வெறும் காகிதம்.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது உங்கள் பஞ்சாயத்தின் புறம்போக்கு நிலப் பட்டியலைக் கையில் எடுத்துப் போங்கள். பெண் பிள்ளைகளுக்கு மைதானம் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், மறுத்ததை எழுதி வாங்குங்கள். அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நம் பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கட்டும்.

ஜெய் பீம்!