பொதிகையில் ஏறிய ஸ்காட்லாந்துக்காரர்



போன வாரம் நம் ஆவடி பள்ளிக் குழுவில், ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் மாணவன் ஒருவன் பென் நெவிஸ் மலை உச்சியில் எடுத்த படத்தைப் போட்டிருந்தான். பிரிட்டனிலேயே உயரமான மலை அது, 1,345 மீட்டர். அதன் கீழே இன்னொருவன், "நம்ம பக்கம் இப்படி ஏற மலை இருக்கா டீச்சர்?" என்று கேட்டிருந்தான். ஆவடியில் நமக்கு மேம்பாலம்தான் மலை! ஆனால் தெற்கே பொதிகை இருக்கிறதே. அகத்தியமலை என்றும் சொல்வோம். உயரம் 1,868 மீட்டர். பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

பென் நெவிஸில் இன்று பெரும்பாலோர் நடந்து ஏறும் பாதை, நடப்பவர்களுக்காகப் போட்டதல்ல. 1883-இல் உச்சியில் ஒரு வானிலை ஆய்வகம் கட்டினார்கள். மட்டக்குதிரைகளில் சாமான் ஏற்றத்தான் அந்தப் பாதை. 1904 வரை பனியிலும் புயலிலும் ஆட்கள் அங்கேயே தங்கி, மணிக்கொரு முறை அளவெடுத்தார்கள்.

அதற்கும் 28 ஆண்டுகளுக்கு முன்பே, 1855-இல், நம் பொதிகை மேல் ஓர் ஆய்வகம் எழுந்துவிட்டது. அமைத்தவர் ஜான் ஆலன் பிரௌன். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான், டம்ஃபிரீஸ் ஊரில் பிறந்தவர். திருவிதாங்கூர் மகாராஜாவின் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852-இல் தலைவராக வந்தார். அங்கே அருங்காட்சியகமும் மிருகக்காட்சி சாலையும் உருவானதில் அவர் பங்கு பெரிது.

மலை மேல் ஆய்வகம் எதற்கு? ஏழாம் வகுப்பில் காந்த ஊசியைக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? அந்த ஊசி எப்போதும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதில்லை. நாள் முழுவதும் மிக நுட்பமாக அசைந்துகொண்டே இருக்கும். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியா வழியாகச் செல்வதால், இங்கே எடுக்கும் அளவுகளுக்குத் தனி மதிப்பு. கடலோரத் திருவனந்தபுரத்திலும் ஏறக்குறைய 6,200 அடி உயரத்திலும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிட நினைத்தார் பிரௌன். யானைக் காடு, அட்டை, அடைமழை எல்லாம் தாண்டித்தான் வேலை நடந்தது. இரண்டு இடங்களின் அளவுகளும் 1874-இல் லண்டனில் நூலாக வந்தன.

புத்தகத்தில் பிரௌன் பெயர் இருக்கிறது. சரிதான், உழைத்தவர். ஆனால் அந்தக் கருவிகள் தாமாக மலையேறியிருக்காது. யாரோ சுமந்தார்கள், யாரோ வழி காட்டினார்கள். அவர்கள் பெயரை நான் படித்த எந்தப் பாடநூலிலும் பார்த்ததில்லை.

அந்த மலையை வழி தவறாமல் அறிந்தவர்கள் காணிக்காரர்கள் என்னும் பழங்குடி மக்கள். 1987-இல் முனைவர் புஷ்பாங்கதன் தலைமையில் ஆய்வாளர்கள் அங்கே ஏறினார்கள். நடந்து நடந்து இவர்கள் சோர்ந்துபோக, கூட வந்த காணிக்காரர்கள் மட்டும் ஏதோ சிறு பழத்தைத் தின்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். அது என்ன என்று கேட்டால் முதலில் சொல்லவில்லை. அது குலத்தின் ரகசியம். வற்புறுத்திக் கேட்ட பிறகே ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் தரப்பட்டது. கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் தனி. இதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது.

உலகமே பாராட்டிய ஏற்பாடு. ஆனாலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. செடியைக் காட்டிய மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி பெயர்களாவது பதிவாயின, பிரௌன் காலத்தைவிட அது மேல். ஆனால் பிலாத்திகள் எனப்படும் அவர்களுடைய மூத்த வைத்தியர்கள் சிலர், எங்களைக் கேட்காமல் எங்கள் அறிவை விற்றுவிட்டீர்களே என்று எதிர்த்தார்கள். காட்டில் அந்தச் செடியைச் சேகரிக்க வனத்துறையும் தடை போட்டது. அவர்களுக்கே தெரிந்த செடி, பறித்தால் குற்றம்!

நம் பிள்ளைகள் கேட்ட 'எப்படிப் போவது' என்பதற்கும் வருகிறேன். மலை தமிழக, கேரள எல்லையில் இருக்கிறது. நடைபாதை கேரளப் பக்கம் போனக்காட்டில் தொடங்குகிறது. பொதுவாக ஜனவரி முதல் மார்ச் வரை வனத்துறை அனுமதி தரும். முதல் நாள் அதிருமலை முகாம், மறுநாள் உச்சி. அங்கே அகத்தியர் சிலை இருக்கிறது. பெண்களுக்கு முன்பு அனுமதி இல்லை. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறினார். காணி மக்கள் பிரார்த்தனை செய்து எதிர்ப்பைக் காட்டினார்களே தவிர, அவரை வழிமறிக்கவில்லை. அந்தப் பண்பு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தீர்ப்பும் சரி என்றே நினைக்கிறேன். முழங்கால் ஒத்துழைத்தால் நானே போயிருப்பேன்.

உங்களில் யாராவது பொதிகை ஏறியிருந்தால் கீழே எழுதுங்கள். கூட வந்த வழிகாட்டியைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள், படிக்க ஆசை.