படிப்படியாகச் சுமை கூட்டுதல்

உடற்கட்டுப் பயிற்சியின் அடிப்படை விதி. பழகிய சுமையைவிடச் சற்றுக் கூடுதலான சுமையைத் தொடர்ந்து தாங்கும்போதுதான் தசை பருக்கும். ஒரே எடையை ஒரே எண்ணிக்கையில் ஆண்டுக்கணக்காகத் தூக்குபவருக்கு இருக்கும் தசை நிலைக்கும், வளராது. இதற்குச் சான்றாக, கன்றுக்குட்டியை நாள்தோறும் சுமந்து, அது காளையான பிறகும் சுமந்த கிரேக்க மல்லர் மைலோவின் கதையைச் சொல்வார்கள். கதை அழகானது, ஆனால் முழுமையானதல்ல: மனிதத் தசை கன்றைப் போல நாள்தோறும் வளர்வதில்லை.

இவ்விதியை மருத்துவ முறையாக வகுத்தவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் காயமடைந்த வீரர்களுக்கு இலேசான பயிற்சியே வழக்கமாக இருந்த காலத்தில், அவர்களைக் கனமான எடை தூக்க வைத்து, 1945இல் முடிவுகளை வெளியிட்டார். முதலில் 7 முதல் 10 செட் (சுற்று) வரை செய்யச் சொன்னவர், 1948இல் மருத்துவர் வாட்கின்ஸுடன் சேர்ந்து அதை மூன்றாகக் குறைத்தார். ஒருவரால் 10 முறை மட்டுமே தூக்க முடிகிற எடையில் பாதி முதல் செட்டுக்கு, முக்கால் இரண்டாவதுக்கு, முழு எடை மூன்றாவதுக்கு. ஜிம்களில் இன்றும் சொல்லப்படும் ‘மூணு செட், பத்து ரெப்ஸ்’ பெரும்பாலும் இந்த வழி வந்ததே.

நடைமுறையில், மல்லாந்து படுத்து எடைக்கம்பியை மார்பிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸில் 40 கிலோவை 8 முறை தூக்குபவர் சில வாரங்களில் 12ஐ எட்டுவார். அப்போது இருபுறமும் 1.25 கிலோ தட்டு சேர்த்தால் எண்ணிக்கை மறுபடி இறங்கும். அங்கிருந்து ஏற வேண்டும். கம்பியை மார்பில் மோதித் துள்ளவிட்டு எடுத்த ரெப்ஸைக் கணக்கில் சேர்ப்பது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. குறைந்த எடையானாலும், இனி முடியாது என்ற நிலைக்கு அருகில் வரை தூக்கினால் தசை வளர்கிறது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு இது உதவும்.

சுமை கூடினால் உணவும் ஈடுகொடுக்க வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் பெரும்பாலோருக்குப் போதும்; 70 கிலோ எடையுள்ளவருக்கு 112 கிராம். ஒரு முட்டையில்கூட ஏறக்குறைய 6 கிராமே உண்டு என்பதால், சோறும் இட்லியுமாகச் சாப்பிடுபவர் இதை எட்டுவது கடினம். மீன், கோழி, பருப்பு, சுண்டல், தயிர், சோயா எல்லாம் சேர வேண்டும். புரதப் பொடி வசதிக்கு மட்டுமே. துணை உணவுகளில் பயன் நன்கு நிறுவப்பட்டது கிரியேட்டின்; நாளுக்கு 3 முதல் 5 கிராம். சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தையோ கிரியேட்டினையோ கூட்டக் கூடாது.