பினாங்குத் தீவின் மக்கள்

பினாங்கைக் காண வரும் பயணியரை வழிகாட்டிகள் தவறாது ஒரு தெருவுக்கு அழைத்துச் செல்வர். முன்னாளில் பிட் தெரு எனப்பட்ட அது, இன்று மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை என வழங்குகிறது. அதை ஒட்டியே 1818இல் எழுந்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனரின் குவான் யின் ஆலயம், 1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயில், 1801இல் தோன்றிய பள்ளிவாசல் ஆகியன சில நிமிட நடைத் தொலைவில் நிற்கின்றன. சமய ஒற்றுமைக்குச் சான்று என்பர். தவறன்று. ஆனால் இவற்றை எழுப்பிய மக்கள் எங்கே என்று எவரும் வினவுவதில்லை.

1786இல் பிரான்சிஸ் லைட் கொடியேற்றியபோது தீவு ஆளற்றுக் கிடந்தது என எழுதுவோர் உளர். அது பிழை. கெடா சுல்தானுக்குரிய அம்மண்ணில் மலாய்க் குடியிருப்புகள் முன்னரே இருந்தன. கெடாத் துறைமுகங்களில் வாணிகம் புரிந்த தமிழ் முஸ்லிம்களும் சீனரும் விரைந்து வந்தனர். லைட்டைத் தொடர்ந்து யுரேசியர் வந்தனர். அச்சே நாட்டினரும் அரபியரும் 1808இல் தமக்கெனப் பள்ளிவாசல் கண்டனர். பூலாவ் தீக்குஸில் பர்மியரின் விகாரை 1803இலேயே எழுந்துவிட்டது. சயாமியர் விகாரை பின்னர் வந்தது. ஆர்மீனியரோ இன்று பெரும்பாலும் ஒரு தெருப்பெயராகவே எஞ்சியுள்ளனர்.

இவர்களுள் நாம் மறக்கலாகாதோர் ஜாவி பெரானக்கான் மக்கள். தமிழ் முஸ்லிம் வணிகர் மலாய்ப் பெண்டிரை மணந்ததால் தோன்றிய குலத்தினர் இவர்களுள் பலர். மலாய் மொழியின் முதல் செய்தித்தாள் 1876இல் சிங்கப்பூரில் வெளிவந்தபோது, அது தாங்கிய பெயரே ‘ஜாவி பெரானக்கான்’. இத்துணைச் சிறப்பிருந்தும், மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஏனையோர் என்ற கணக்கெடுப்புக் கட்டங்களுள் இவர்களுக்குத் தனியிடம் இல்லை. கலப்பைக் கொண்டாடும் தீவு, கலந்தவரை எண்ண மறந்தது வியப்பே!

கட்டங்களில் இடமிழந்தோர் பற்றிய கதை இது. வீடிழந்தோர் கதை வேறு. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு முதல் அதன் காப்பு முற்றாக அகன்றது. தலைமுறைகளாகக் குறைந்த வாடகையில் கடைவீடுகளில் வாழ்ந்த எல்லா இனத்தவரும் வெளியேறலாயினர். 2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமை நகரமானது. குடும்பங்கள் வாழ்ந்த கடைவீடுகள் பல விடுதிகளாயின.

அவ்விடுதிகள் மிகுந்த சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரால் ஒரு சிறு தர்கா உள்ளது. அதன் பக்கச் சுவரை ஒட்டிய கடையில் நெடுங்காலம் சொங்கோக் தைக்கும் தொழில் நடந்தது. மலாய்க்காரர் அணியும் தொப்பி அது. தைத்தவர் கையோ தமிழ் முஸ்லிமின் கை.