தட்டில் எழுந்த மன்னர்

நாணயத்திலும் அரண்மனைச் சுவரிலும் விளங்கிய அரசர் உருவம், 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திற் குடிமக்களின் மண்தட்டிலும் இடம்பெற்றது.

வெள்ளீய ஒட்சைட்டுக் கலந்த பூச்சால் மட்பாண்டத்தை வெண்ணிறமாக்கி, அதன்மேல் வண்ணந் தீட்டிச் சுடுங் கலை 9ஆம் நூற்றாண்டில் ஈராக்கில் விளங்கியது. ஸ்பெயினுக்கும் பின்னர் இத்தாலிக்கும் பரவி, அங்கே மயோலிக்கா எனப் பெயர்பெற்ற அக்கலையை, 1567 இல் அந்துவேர்ப்பிலிருந்து நோரிச் நகரிற் குடியேறிய குயவர் இங்கிலாந்துக்குக் கொணர்ந்தனர். சுடாத பூச்சு நிறத்தை உடனே உறிஞ்சுமாதலின், தீட்டிய கோட்டைத் திருத்துதல் அரிது.

1649 இல் முதலாம் சாள்ஸ் மன்னர் சிரச்சேதம் செய்யப்பட்டார். 1660 இல் அவர் மைந்தர் இரண்டாம் சாள்ஸ் அரசுரிமை மீளப்பெற்றபின், முடிதாங்கிய அவருருவம் பெருந்தட்டுகளிற் பொலிந்தது. 1689 இல் வில்லியமும் மேரியும் ஒருங்கே முடிசூடியதும் அவர்தம் உருவங்களும் தோன்றின. இத்தட்டுகள் பல, அடிவளையத்துத் துளையிற் கயிறு கோத்துச் சுவரில் மாட்டப்பட்டன.

இவற்றுட் பலவற்றில் முகத்தைக் கொண்டு மன்னர் இன்னாரென அறிதல் இயலாது. அருகே பொறித்த பெயரெழுத்துக்களே அதனை உணர்த்தும். இதனை ஓவியன் குறையென இகழ்தல் தகாது. வாங்கியோர் வேண்டியது, தாம் எவர் பக்கத்தவர் என்பதைக் காட்டும் அடையாளமே. அரசவை ஏடுகள் ஆள்வோர் கூற்றை உரைக்கும். குடிகளின் உள்ளத்தை அறிய விழையும் மாணவன் இம் மண்தட்டுகளையும் கற்றல் வேண்டும்.